முதலாளிக்கு ஒரு கையடக்கக் கருவி

சார்ஜ் போடவேண்டுமானால் என்னிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மின்துளை என் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக என் மடியைத் தாண்டிக் கையை நீட்டுவது நாகரிகம் ஆகாது. ம். இப்போது போடுங்கள். கோயம்புத்தூரில் ரயில் ஏறியது முதல் அந்தப் போன் பெட்டியைத் தடவித் தடவி ஈரோடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேட்போம் என்று தோன்றியதா? தோன்றாது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த இனத்துக் கருவிகள் மேலேயே தீராத பகை உண்டு. அவற்றில் ஒன்றை நானே என் கையால் தேர்ந்தெடுத்தேன். அது என் நாற்காலியை வாங்கிக்கொண்டது.

என் பெயர் ஹெப்சிபா. மில்லின் பெயரைச் சொல்லமாட்டேன். வெளியே வந்த பிறகும் அலுவலக விஷயங்களைக் காப்பது என் பழக்கம். அவினாசி சாலையில் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதலாளி கோவர்த்தனன் அவர்களுக்கு நான் பி.ஏ., அதாவது அந்தரங்கச் செயலாளர். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் சுருக்கெழுத்து, இரண்டிலும் தட்டச்சு, எல்லாம் ஹையர் பாஸ். பாளையங்கோட்டையில் படித்தவள். தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விட்டதில்லை. பிறர் விட்ட வாக்கியங்களையும் நானே முடித்துத் தட்டச்சு செய்திருக்கிறேன். முதலாளியின் கடிதங்களில் பாதி என் இலக்கணம்.

அவருடைய அறைக்கு ஒரே கதவு. கதவுக்கு முன்னால் என் மேசை. மேசையைத் தாண்டினால்தான் கதவு. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; பிற்பாடு விளங்கும்.

காலையில் அவர் காபி குடிக்கும்போது நான் எதிரே நின்று அன்றைய நாளை எடுத்துச் சொல்வேன். நின்றுகொண்டுதான். உட்காரச் சொல்லியிருக்கிறார், உட்கார்ந்ததில்லை. இன்னின்னார் வருகிறார்கள், இன்ன இடத்துக்குப் போகவேண்டும், இன்ன பேச்சை எடுக்கவேண்டாம். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி. ஆனால் ராகு காலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் அவருக்குப் பார்த்துச் சொன்னவள் நான்தான். ஒரு மில் முதலாளிக்கு ஆவணி மாத முகூர்த்த நாள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? ஊரில் உள்ள மண்டபம் அத்தனையிலும் ஒரே காலையில் கல்யாணம். எதற்கு அவரே போகவேண்டும், எதற்கு வீட்டம்மா போனால் போதும், எதற்கு மேனேஜரிடம் மொய்க்கவர் கொடுத்தனுப்பலாம், நடுவில் ஒரு சாவு வீடு வந்தால் கல்யாணங்களை முடித்துவிட்டு அங்கே போய், அங்கிருந்து நேரே குளியலுக்கு. முறை மாறினால் ஒரு குடும்பம் ஆயுளுக்கும் பேசாது. அத்தனையும் என் தலைக்குள் இருந்தது. எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தால் எவரும் படித்துவிடலாம் அல்லவா?

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு அவருடைய மகள் யசோதரா வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்து சேர்ந்தாள். வந்த வாரமே என் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது, மேசையில் உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, அப்பாவோட புரோகிராம் எல்லாம் எங்க இருக்கு?”

நான் எவருக்கும் ஆன்ட்டி அல்ல. நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். “இங்கே இருக்கிறது.”

“நீங்க லீவு போட்டா?”

“போடுவதில்லை.”

“உடம்பு சரியில்லாமப் போனா?”

“போவதில்லை.”

செத்துப்போனால் என்று கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்; கண்ணால் கேட்டாள்.

அப்போது செல்போனில் பாம்பு விளையாட்டைத் தவிர ஒன்றும் இராது. ஆனால் பணக்காரர்கள் கையில் வேறொரு சாதனம் வரத் தொடங்கியிருந்தது. பி.டி.ஏ. என்பார்கள். உள்ளங்கை அகலம், ஒரு கண்ணாடி முகம், குத்துவதற்கு ஒரு குச்சி. நாள், நேரம், ஆள், விலாசம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உரிய வேளையில் மணியடித்துச் சொல்லும். அதாவது நான் செய்யும் வேலை. மணியடிப்பது ஒன்றுதான் நான் செய்யாதது.

“அப்பாவுக்கு ஒன்னு வாங்கிரலாம் ஆன்ட்டி. நீங்களே செலக்ட் பண்ணுங்க. அவர் வேலை உங்களுக்குத்தானே தெரியும்?”

பார்த்தீர்களா பண்பாட்டை? கயிறு எவ்வளவு பருமனாக இருக்கவேண்டும் என்று தூக்கில் தொங்கப்போகிறவளையே கேட்பது. நான் மறுக்கவில்லை. என்னிடம் கொடுத்த வேலை எதையும் நான் மறுத்ததில்லை.

கிராஸ்கட் ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். கழுத்தில் டை, காலில் செருப்பு. மூன்று கருவிகளை என் மேசையில் பரப்பினார்.

முதலாவதில் விசைப்பலகை இருந்தது. பல்லியின் பல் மாதிரிப் பொடிப்பொடியாக. முதலாளியின் கட்டைவிரல் ஒன்றை வைத்தால் நாலு எழுத்து மறையும். “இது குழந்தைகளுக்கா?” என்றேன். “டாப் மாடலுங்க மேடம்” என்றார். “யாருக்கு டாப்?” என்று கேட்டேன். எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாவது சாம்பல் நிறம். திரையிலும் நிறம் கிடையாது. கறுப்பு எழுத்து, வெளிறிய பின்னணி. கீழே ஒரு சிறு கட்டம். அதில் குச்சியால் ஒவ்வோர் எழுத்தாக எழுதவேண்டும். முழு எழுத்து அல்ல, அதன் சுருங்கிய கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்தேன். ஐயா, அது சுருக்கெழுத்து. யாரோ என்னைப்போல் ஒருத்தியிடம் பயின்றுவிட்டுப் போய்ச் செய்திருக்கவேண்டும். விற்பனைக்காரர் படிக்கச் சொல்லிக் கொடுத்த அட்டையை ஒரு முறை பார்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் கடகடவென்று எழுதினேன். அவர் வாயைப் பிளந்தார்.

“மேடம், நான் பழகறதுக்கே ஒரு மாசம் ஆச்சுங்க!”

“உங்களுக்கு ஆகியிருக்கும்.”

பெட்டிக்கடையில் விற்கும் சிறு பேட்டரியில் ஓடும் என்றார். பேட்டரியை மாற்றினாலும் உள்ளே இருப்பது போகாது என்றார். சோதித்தேன். போகவில்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்துக்கொண்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது. பாட்டு இல்லை, படம் இல்லை, மினுக்கு இல்லை. குறை சொல்ல இடமே தரவில்லை.

எனக்கு ஆகவே ஆகவில்லை. என் இடத்துக்கு வரப்போவது சரியானதாக வேறு இருக்கவேண்டுமா?

மூன்றாவது வெள்ளி நிறம். தொட்டவுடன் திரையில் ஒரு பூந்தோட்டம் விரிந்தது. எங்கே தொட்டாலும் கொலுசு மாதிரி ஒரு சத்தம். அப்போது யசோதராவுக்குத் தொலைபேசி வந்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். விற்பனைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“இதுல ஒன்னே ஒன்னுதானுங்க மேடம். சார்ஜ் சுத்தமா இறங்கிருச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் போயிரும். அப்பப்ப கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோணும்.”

“எல்லாமுமா?”

“எல்லாமுந்தானுங்க. கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும்.”

பொறுப்பானவர்தான், அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியதைச் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டதை இன்னொருவரிடம் ஒப்புவிக்கவேண்டும் என்று எனக்கு யாரும் உத்தரவிடவில்லை. யசோதரா திரும்பி வந்தபோது வெள்ளிக் கருவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இதுவே இருக்கட்டும்.”

“சூப்பர் ஆன்ட்டி! நீங்க அந்தச் சாம்பல் கலர் டப்பாவத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்.”

“ஏன்?”

“சும்மாதான். அது உங்கள மாதிரியே இருந்துச்சு.”

விற்பனைக்காரர் பையை மூடுவதில் மும்முரமானார்.

என் வேலையில் எவரும் குறை கண்டதில்லை. இதிலும் காண விடவில்லை. என் தலைக்குள் இருந்த அத்தனையையும் அந்தப் பூந்தோட்டத்துக்குள் இறக்கினேன். கல்யாணங்கள், காதுகுத்துகள், வங்கிக்காரர்கள், பஞ்சு வியாபாரிகள், எல்லாம். காப்பி எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னால் எடுத்திருப்பேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உள்ளே ஏற்றவில்லை, ஏனென்றால் அது நாள் நேரம் உள்ள நிகழ்ச்சி அல்ல. நிலையான உத்தரவு. அதற்கு அந்தக் கருவியில் இடமும் இல்லை.

முதலாளிக்கு ஒரு தம்பி, தாமோதரன். பாகப்பிரிவினை முடிந்து பத்திரப்பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது, காரில் ஏறப்போன முதலாளி என் பக்கம் திரும்பி, “அவன் மூஞ்சியை இனி என் கண்ணுல காட்டாதே” என்றார். காட்டவில்லை. அதன்பிறகு தாமோதரன் வந்தபோதெல்லாம், ஆம், வந்துகொண்டேதான் இருந்தார், பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், சும்மாவும் வருவார், எல்லா முறையும் என் மேசையிலிருந்தே திருப்பி அனுப்பினேன். வந்தார் என்பதையும் உள்ளே சொல்லவில்லை. முகத்தைக் காட்டாதே என்றால் பேரையும் சொல்லாதே என்றுதானே பொருள்? ஒரு தீபாவளியன்று முதலாளி, “என் தம்பி ஒரு எட்டு வந்து எட்டிப் பார்த்தானா?” என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். ஜன்னலைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? முழுவதையும் கேளுங்கள்.

கருவி வந்த பிறகு காலையில் எடுத்துச் சொல்வது நின்றது. அவர் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். கொலுசுச் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும். நான் என் மேசையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யசோதரா போகிறபோக்கில், “இப்ப உங்களுக்கு எவ்வளவு ரிலாக்ஸா இருக்கும், இல்ல ஆன்ட்டி?” என்பாள். அந்தப் பெண்ணின் பற்களை எண்ணிவிடலாம், அப்படிச் சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்துக்காக உள்ளே போனேன். கருவியின் ஓரத்தில் பேட்டரியின் அடையாளம் சிவந்து கிடந்தது. மறுநாள் குடும்பத்தோடு குருவாயூர் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சார்ஜர் என்னும் கறுப்புக் கயிறு அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கருவியைக் கவனிப்பது என் பொறுப்பில் இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெரிய முகூர்த்தம். கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்த புடவை கட்டிக்கொண்டு போனேன். அன்றைய நாள் முழுவதும், மண்டபம் மண்டபமாக, என் நாவில் தயாராக நின்றது. அவர் “சொல்லும்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தாமோதரன் வந்து நின்றார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை. மகளுக்குக் கல்யாணமாம்.

“அண்ணன் இருக்காருங்களா?”

“ஊரில் இல்லை.”

“வெளிய வண்டி நிக்குதுங்களே.”

“வண்டி நிற்கும். அவர் இல்லை.”

“எப்ப வருவாருன்னு சொன்னீங்கன்னா...”

“சொல்லிவிட்டுப் போகவில்லை.”

வழக்கமாகத் திரும்பிப் போய்விடுவார். அன்று, “பரவாயில்லீங்க, செத்த உக்காந்திருக்கறனுங்க” என்று வராந்தாப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மணி அடித்தது. போனேன்.

முதலாளி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜரில் மாட்டியிருந்தார். பூந்தோட்டம் மட்டும் விரிந்து கிடந்தது.

“ஹெப்சிபா, இதுல ஒன்னுமே இல்லையேம்மா. தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது.”

“அப்படியா?”

“ஒரு பேரில்ல, ஒரு கல்யாணமில்ல. நான் இன்னைக்கு எங்கெங்க போகோணும்?”

“கருவியைத்தான் கேட்கவேண்டும்” என்றேன். கேட்டவுடன் கொட்டிவிட நான் என்ன குழாயா? இன்னும் ஒரு முறை கேட்பார், அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டால் பிள்ளைகள் சிரிக்குமே, அப்படி.

“அட, அப்ப இன்னைக்கு நான் எங்கியும் போகவேண்டியதே இல்லை! யாரும் வரப்போறதும் இல்லை!”

“முதலாளி, இன்று முகூர்த்த நாள்.” என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

“இருந்துட்டுப் போகுதும்மா. நானில்லாட்டி தாலி ஏறாதா? கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வர்றேன்.”

அத்தனை வருஷத்தில் அவர் தாமாகக் கதவைத் திறந்துகொண்டு வேளையில்லாத வேளையில் வெளியே வந்ததில்லை. யார் எதிரே வருவார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் வருவார். அன்று என்னைத் தாண்டி, என் மேசையைத் தாண்டிப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். நான் ஓடினேன், ஐயா.

தாமோதரன் தாம்பாளத்தோடு எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

“அண்ணா! ஊர்ல இருந்து எப்ப வந்தீங்க?”

“நான் எங்கடா போனேன்?”

தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எப்ப வந்தாலும் நீங்க ஊர்ல இல்லைன்னுதான் சொன்னாங்கண்ணா. கமலவேணி போனப்பக்கூட ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டனே.”

கமலவேணி என்பது இறந்துபோன தாமோதரனின் மனைவியின் பெயர், அவள் சாவுக்குத்தான் ஆள் அனுப்பினார். சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னால்தான் பகையான பங்காளி போகலாம்; சொல்லாத சாவுக்குப் போய் நிற்பது அவமானம். இது அவர்கள் வழக்கம். ஆள் வந்தது உண்மை. நான் மேசையிலேயே பதில் சொல்லி அனுப்பினேன். அன்று முதலாளி காலையிலேயே சாவுக்குப் போகிறவர் மாதிரி பழைய வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஒரு காகிதத்தையும் தொடவில்லை. சாப்பிடவில்லை. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பது பி.ஏ.வின் வேலை அல்ல.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஆள் வந்துச்சாம்மா?”

“வந்தது. தாங்கள் இட்ட உத்தரவுப்படி திருப்பி அனுப்பினேன்.”

“நான் எப்பம்மா சொன்னேன்?”

சொன்னேன். எந்த வாசலில், எந்தக் காரின் எந்தக் கதவில் கைவைத்துக்கொண்டு, என்ன வார்த்தைகளில் என்று, ஓர் அசை பிசகாமல். அவருக்கு மறந்துபோயிருந்தது. மறப்பதற்கு அவர், நினைவில் வைப்பதற்கு நான். அப்படித்தானே அந்த அலுவலகம் நடந்தது?

“அது கோவத்துல சொன்னதும்மா.”

“இட்ட உத்தரவைக் குறிப்பெடுக்கத்தான் எனக்குத் தெரியும். எந்த மனநிலையில் இட்டார்கள் என்பதற்குச் சுருக்கெழுத்தில் குறி இல்லை. தாங்கள் அதைத் திரும்பப் பெறவும் இல்லை.”

இதில் என்ன பிழை? நீங்களே சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள். அன்றும் ஒருவரும் சொல்லவில்லை. யசோதரா ஓடிவந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலாளி தாம்பாளத்தை வாங்கினார். வாங்கின வேகத்தில் வெற்றிலை சரிந்தது. அலுவலக நேரத்தில், வராந்தாவில், தொழிலாளிகள் பார்க்க. நான் குனிந்து வெற்றிலையைப் பொறுக்கப் போனேன்.

“விடுங்க. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா” என்றார் முதலாளி.

அதுவரை என்னை நீ என்றுதான் சொல்வார். முதன்முறையாக நீங்க என்றார். என் தரம் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை, நானும் போகவில்லை. சொல்லாமல் போவது என் பழக்கம் அல்ல. என் மேசையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. இப்போது யார் வேண்டுமானாலும் நேரே உள்ளே போகலாமாம். சந்தைக்கடை.

பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்க என் வீட்டுக்கே வந்தார். சௌரிபாளையத்தில், சந்துக்குள், கார் நுழையாது; இறங்கி நடந்து வந்தார். என்னோடு இருக்கும் தங்கை மகள் பெர்சிஸ் உள்ளே ஓடிவந்தாள்.

“பெரியம்மா, உங்க முதலாளி! நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாரு.”

“குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.”

“நீங்க இங்கதான நிக்கறீங்க?”

“சொல் என்றால் சொல்.”

காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்றுதான் விட்டேன். எத்தனை பேரை எனக்கு முன்னால் காத்திருக்க வைத்தவர், அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியவேண்டாமா? பத்திரிகையைப் பெர்சிஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகும் விடவில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பழக்கூடையோடு வருவார். நான் ஜெபத்தில் இருப்பேன். அல்லது தலைவலியாக இருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பெர்சிஸோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். நான் கதவிடுக்கில் நின்று கேட்டிருக்கிறேன். குரல் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கும்போது, “வந்தேன்னு மட்டும் சொல்லும்மா” என்பார். அடுத்த முறை வந்தால் உள்ளே கூப்பிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. புத்தாண்டுக்கும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டேன். இன்றைக்கு ஈரோட்டில் ஒரு ஞானஸ்நானம், போகாமல் இருக்கமுடியாது. ஆனால் மாலை வண்டியிலேயே திரும்பிவிடுவேன். பெர்சிஸுக்குப் பொறுப்புப் போதாது. யாராவது வந்து கேட்டால், இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவாள்.

அவர்மேல் தவறில்லை. மறந்திருப்பார். இன்ன நாள், இன்ன நேரம், ஹெப்சிபாவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று காலையில் எதிரே நின்று எடுத்துச் சொல்ல அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?